முதல் வீடு வாங்குவோருக்குப் பத்திரச் செலவில் உதவி: எங்கள் நிலைப்பாடு

முதன்முறையாக வீடு வாங்கும் குறைந்த, நடுத்தர வருவாய்க் குடும்பங்களுக்கு அரசின் உதவி பத்திரம் பதியும் நாளுக்குள் கிடைக்க வேண்டும். இப்போதுள்ள சலுகைகளில் பெரியது கடன் வாங்கிய பிறகே வருகிறது. மாதத் தவணை கட்டும் வருமானம் உள்ளவர்களும் அதற்கு முன்பே, கைக்காசு இல்லாமல் நின்றுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய அடுக்குமாடி வீட்டை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேற்பட்ட கடன் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆக, கடன் 32 லட்சம். கையிலிருந்து 8 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என இன்னும் 3.60 லட்சம். வக்கீல் கருத்துரை, வங்கிக் கட்டணங்கள் தனி. மொத்தம் ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம்; அதில் ஒரு பகுதிக்கு நகை அடகுக்குப் போகிறது, மிச்சத்துக்குக் கைமாற்று.

இருக்கிற சலுகைகள் இந்தக் குடும்பத்தை எட்டுவதில்லை. பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0-இன் வட்டி மானியம் அதிகபட்சம் 1.80 லட்சம், அதுவும் ஐந்து ஆண்டுத் தவணைகளில் கடன் கணக்கில்தான் சேரும். வீட்டு மதிப்பு 35 லட்சத்தைத் தாண்டினால் அதுவும் இல்லை. பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு; ஆனால் சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பத்திரச் செலவையும் சேர்த்துக் கடனைக் கணக்கிட ரிசர்வ் வங்கி 2015-இல் அனுமதித்ததும் 10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கே.

எங்கள் கோரிக்கைகள்:

1. புது அடுக்குமாடி வீடுகளின் முதல் விற்பனையில் 50 லட்சம் வரை உள்ள 4 சதவீத முத்திரைத் தீர்வையை, முதல் வீடு வாங்குவோரின் மறுவிற்பனைப் பத்திரங்களுக்கும் மாநில அரசு நீட்டிக்க வேண்டும். மேற்சொன்ன குடும்பத்துக்கு 1.20 லட்சம் மிஞ்சும்.

2. மேலே சொன்ன இரண்டு 10 லட்ச வரம்புகளையும் 35 லட்சமாக உயர்த்த வேண்டும்.

3. வட்டி மானியத்தின் முதல் தவணையைப் பதிவுச் செலவுக்கே நேரடியாகக் கட்ட வழி செய்ய வேண்டும்.

உதவித்தொகை கொடுத்தால் விற்பவர் விலையை ஏற்றிவிடுவார் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் பணமாகக் கேட்காமல் கட்டணக் குறைப்பாகக் கேட்கிறோம். வருமான வரம்பும், குடும்பத்துக்கு ஒருமுறை என்ற நிபந்தனையும் இருக்கட்டும். ஐந்தாண்டுக்குள் விற்றால் சலுகைத் தொகையை அரசு திரும்பப் பெறட்டும்.

வருவாய் குறையும் என்பது இன்னொரு வாதம். கட்டணம் கூடக்கூடப் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டும் தூண்டுதலும் கூடுகிறது. அதில் அரசுக்கும் இழப்பு. காட்டிய விலைக்கே வங்கி கடன் தந்தால் வாங்குபவருக்கும் இழப்பு. மறுவிற்பனைக்கான சலுகையை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே மாநில அரசு அறிவிக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.