எடுறா அந்தக் கம்பை!

மதுரைக்காரர்கள் பாம்பைப் பார்த்து அலறுவது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. இந்த ஊரை அளந்து எல்லை காட்டியதே ஒரு பாம்புதான். பிரளயத்துக்குப் பிறகு ஊர் எதுவரை என்று தெரியாமல் வங்கிய சேகர பாண்டியன் திண்டாட, சித்தராக வந்த சோமசுந்தரர் கையில் கங்கணமாகக் கிடந்த பாம்பை இறக்கி விட்டாராம். அது ஊரைச் சுற்றி வளைந்து, வாலைத் தன் வாயில் கவ்விக் காட்டியது. ஆலவாய் என்று பேர் வந்தது. திருவிளையாடற் புராணம் சொல்கிறது. லஞ்சம் இல்லாமல் நடந்த கடைசி நில அளவை அதுவாகத்தான் இருக்கும்.

மேற்கே பார்த்தால் நாகமலை. பகைவர்கள் ஏவிய பாம்பு, பாண்டியன் அம்பு பட்டுச் செத்து மலையாகக் கிடக்கிறதாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் வளைந்து நெளிந்து நிஜமாகவே படுத்திருக்கிற மாதிரிதான் இருக்கிறது. புராணக்காரருக்கு நல்ல கண்.

ஆனால் புராணம் வேறு, துவைக்கிற கல் வேறு.

போன ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சமையல்கட்டு ஜன்னல் வழியாக என் மனைவிதான் முதலில் பார்த்தாள்.

"ஏங்க, துவைக்கிற கல்லுக்குக் கீழ என்னமோ கிடக்கு. நம்ம ஹோஸ் பைப்பு பச்சைதானே?"

எங்கள் ஹோஸ் பைப் பச்சைதான். இது கோதுமை நிறம். தவிர, ஹோஸ் பைப்புக்கு நாக்கு கிடையாது.

எங்கள் ஊரில் கூட்டம் சேருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ரெண்டு பேர் ஒரே திசையில் பார்த்தால் போதும். பத்து நிமிஷத்தில் காலனியில் பாதி எங்கள் கொல்லையில். முன்வரிசையில் பக்கத்து வீட்டு ஏட்டையா. அவர் ரிட்டயர் ஆனபோது கூடவே ரிட்டயர் ஆகி வந்த லத்தியுடன்.

"சார், நீங்க அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க. ஒரே போடு."

"வேணாம்ணே. நல்லதை அடிச்சா ஜோடி தேடி வரும்ணே" என்றார் மளிகைக்கடை அண்ணாச்சி.

"ஜோடிக்கு அட்ரஸ் யாருய்யா குடுப்பா?"

எதிர்வீட்டு அக்கா ஒரு டம்ளரில் பால் கொண்டு வந்துவிட்டார். பூண்டை நசுக்கித் தெளிக்கச் சொன்னார் ஒருவர். இன்னொருவர் பினாயில் கட்சி. காலேஜ் படிக்கிற பையன் ஒருத்தன் செல்போனை நீட்டிக்கொண்டு கல்லுக்கு மூணடி வரைக்கும் போய்விட்டான். அது படம் எடுக்க, இவன் படம் எடுக்க, நெஞ்சு அடைத்துக்கொண்டது இவன் அம்மாவுக்கு.

நான் ஒரே காரியம்தான் செய்தேன். 101-க்கு போன் பண்ணினேன். பிறகு ஏட்டையாவின் லத்திக்கும் பாம்புக்கும் நடுவில் இல்லாமல், ஏட்டையாவுக்கும் லத்திக்கும் நடுவில் நின்றுகொண்டேன். "ஏட்டையா, நீங்கதான் கூட்டத்தைக் கட்டுப்படுத்தணும், உங்களைவிட்டா இங்க ஆள் ஏது?" என்றதும் மனுஷருக்குப் பழைய மிடுக்கு வந்துவிட்டது. முப்பது வருஷம் சித்திரைத் திருவிழா பந்தோபஸ்து பார்த்தவர். இரண்டே அதட்டலில் மொத்தக் கூட்டமும் காம்பவுண்டுக்கு வெளியே.

ஃபயர் சர்வீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கையில் நீள இடுக்கி, மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. நாலு நிமிஷம். நாலரை அடி நல்ல பாம்பு டப்பாவுக்குள். "ஃபாரஸ்ட்காரங்ககிட்ட ஒப்படைச்சிருவோம் சார்" என்று சொல்லிவிட்டு, அக்காவின் பாலை ஆளுக்குப் பாதி குடித்துவிட்டுப் போனார்கள். பாம்பு பால் குடிக்காது. விரும்பிக் குடிக்கிற பிராணி இல்லை அது.

இதை எழுதுவதற்குக் காரணம் அந்த லத்தி. பாம்பைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு வாயில் வருகிற முதல் வாக்கியம், "எடுறா அந்தக் கம்பை!" கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல பாம்பு தன் உடம்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் தூக்கி நிற்கும். நாலரை அடிப் பாம்புக்கு ஒண்ணரை அடி. எட்டடி தள்ளி நிற்கிற ஆளை அது ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் விரும்பாது. நாம் அதற்கு இரையும் இல்லை. நாலடிக் கம்போடு நெருங்குகிறவன்தான் அந்த எட்டடியை அதற்கு இலவசமாக எழுதிக் கொடுக்கிறான். அடித்துத் தலையைத் தனியாக்கிவிட்டாலும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அந்தத் தலை கொஞ்ச நேரம் வரை கடிக்கும்.

சட்டமும் இருக்கிறது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 2022 திருத்தத்துக்குப் பிறகு நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில். ஏட்டையாவிடம் சொன்னேன். "புலியா?" என்று லத்தியை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

ஜோடி தேடி வருவதெல்லாம் சினிமா. பழி வாங்குகிற அளவுக்கு அதற்கு ஞாபகமும் இல்லை, நேரமும் இல்லை. நம் வீட்டுக்கு அது வருவது எலிக்காக. எலி வருவது கோழித் தீவனத்துக்கும் குப்பைக்கும். வீடு கட்டி மிச்சமான செங்கல்லை "அப்புறம் உதவும்" என்று கொல்லையில் அடுக்கி வைக்கிறோமே, அது பாம்புக்கு லாட்ஜ். தவிர, நாம் குடியிருக்கிற இடம் யாருடையது என்றும் யோசிக்க வேண்டும். மதுரையைச் சுற்றி எத்தனை காலனிப் பேரில் குளமும் ஏரியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன! ஹைகோர்ட் கிளை 2004 முதல் இயங்குகிற இடத்தின் பேர் உலகனேரி. பத்திரப்பதிவு நமக்குத்தான் நடந்தது, பாம்புக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை.

இந்தியாவில் 300 வகைக்கு மேல் பாம்பு உண்டு. பெரும்பாலானவற்றால் நம் உயிருக்கு ஆபத்து கிடையாது. ஆளைக் கொல்வதில் பெரும்பங்கு நாலு பேருக்கு. நல்ல பாம்பு, பிரஷர் குக்கர் மாதிரி சீறுகிற கண்ணாடி விரியன், உடம்பை உடம்போடு உரசி அரம் போடுகிற சுருட்டை விரியன், நாலாவது, கட்டு விரியன்.

முதல் மூணும் ஏதோ ஒரு விதத்தில் சொல்லிவிட்டுச் செய்கிற ஆசாமிகள். கட்டு விரியன் அப்படியில்லை. கறுத்த பளபளப்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள். பகலில் சாது. ராத்திரிதான் டியூட்டி. தரையில் படுத்திருப்பவர் பக்கத்தில் வரும். தூக்கத்தில் கை கால் பட்டால் கடிக்கும். பல்லோ சின்னது. வலி இல்லை, வீக்கம் இல்லை, பல சமயம் தடம்கூடத் தெரியாது. கடிபட்டவருக்கே சேதி போகாது.

என் ஆபீஸ் நண்பர் ஒருவருக்குத் தம்பி. மேலூர்ப் பக்கம் கிராமம். கூரியர் கம்பெனியில் வேலை, 24 வயசு. ராத்திரி பதினோரு மணிக்கு வந்து, கூடத்தில் பாயை விரித்துப் படுத்திருக்கிறான். மூணு மணிக்கு வயிற்று வலி, வாந்தி. "ராத்திரி பரோட்டா திங்காதேன்னா கேக்கிறியாடா" என்று அம்மா ஓமவாட்டர் கொடுத்திருக்கிறார். குடித்துவிட்டு மறுபடி படுத்துவிட்டான். அஞ்சு மணிக்குப் பார்த்தால் கண் இமை முழுசாகத் திறக்கவில்லை. தூக்கக் கலக்கம் என்றார்கள். பேச்சு குழறியது. எச்சில் முழுங்க முடியவில்லை.

அடுத்த தெருவில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிற நர்ஸ் அக்கா ஒருவர் தண்ணீர் பிடிக்க வந்தவர், எட்டிப் பார்த்திருக்கிறார். "தம்பி, மேல பாரு. கண்ணை நல்லாத் தொற." இமை எழவில்லை. "எங்க படுத்திருந்தான்? தரையிலயா?" அவ்வளவுதான் கேட்டார். 108-க்குப் போன் போட்டுவிட்டார்.

இதற்குள் மாமா ஒருவர் பைக்கை ஸ்டார்ட் பண்ணி நிற்கிறார். பக்கத்து ஊரில் வேப்பிலை அடித்து மந்திரிக்கிறவர் இருக்கிறார், அவரிடம் போனவர்கள் யாரும் சாகவில்லை என்று. அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கும். கடிக்கிறதில் நிறைய விஷமில்லாத பாம்பு. விஷப் பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் சும்மா கடித்துவிட்டுப் போகும். மந்திரவாதிக்கு இந்த இரண்டு கேஸிலும் நூற்றுக்கு நூறு மார்க். மிச்சக் கேஸ்கள் புகார் கொடுக்க வருவதில்லை.

நர்ஸ் அக்கா பைக் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாராம். தம்பியை ஒருக்களித்துப் படுக்க வைத்தபடி ஆம்புலன்ஸில் மதுரை பெரியாஸ்பத்திரி. போய்ச் சேரும்போது மூச்சு மேலோட்டமாக இருந்திருக்கிறது. விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி, கூடவே வென்டிலேட்டர். நரம்பு முனையில் போய் உட்கார்ந்துவிட்ட கட்டு விரியன் விஷத்தை மருந்து கிளப்பிவிடாது. புதுசாகப் போய் உட்காருவதைத்தான் தடுக்கும். அதுவரை மூச்சு விடுகிற வேலையை மெஷின் பார்க்க வேண்டும். அஞ்சு நாள் பார்த்தது. ஆறாவது நாள் தம்பி சுண்டுவிரலை ஆட்டினான். என் நண்பர் ஆபீஸுக்கு போன் பண்ணி அதைச் சொல்லும்போது, இந்த ஐந்தடி எட்டங்குல ஆசாமிக்குக் குரல் வரவில்லை.

அந்தக் குப்பி எப்படி வருகிறது தெரியுமா? குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாம்பு விஷம் ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகிற எதிர்ப்புச் சக்தியைப் பிரித்து எடுக்கிறார்கள். அந்த நாலு பாம்புக்கும் சேர்த்து ஒரே மருந்து. விஷத்துக்கு? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர்கள் 1978-ல் ஆரம்பித்த பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள். தோல் வியாபாரத்துக்குத் தடை வந்ததும், ரோமுலஸ் விட்டேகர் துணையோடு விஷத்துக்கு மாறினார்கள். பிடித்த பாம்பைச் சில வாரம் பானையில் வைத்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள், அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்பைப் பிடிக்க. முதல் இரண்டு வாரத்திலேயே 13 மலைப்பாம்பு. கையில் இருந்தது ஒரு கடப்பாரை மாதிரிக் கம்பிதான். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

இப்படி மருந்துக்கான விஷத்தை நாட்டுக்கே கொடுக்கிற மாநிலம் இது. ஆனாலும் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியில் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்கு 58,000 பேர். சேப்பாக்கம் ஸ்டேடியம் கொள்ளாது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இனிமேலாவது கணக்கு சரியாக வரும்.

கடிபட்டால் என்ன செய்வது என்று ஆபீஸில் எல்லோரும் கேட்டார்கள். கயிறு கட்டாதீர்கள், ரத்த ஓட்டம் நின்று கையோ காலோ போய்விடும். பிளேடு போடாதீர்கள். வாய் வைத்து உறிஞ்சுவது கதாநாயகனோடு நிற்கட்டும். மோதிரம், வாட்ச், கொலுசைக் கழற்றிவிடுங்கள், வீங்கினால் கழற்ற முடியாது. எலும்பு முறிந்த மாதிரி அந்தக் கையை அல்லது காலை ஆடாமல் ஒரு கட்டையோடு வைத்துக் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மணி எத்தனை என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைப் பிடித்துப் பையில் போட்டு டாக்டரிடம் காட்ட வேண்டியதில்லை. டாக்டருக்கும் குடும்பம் இருக்கிறது. கடித்தது விரியனா என்று சந்தேகம் இருந்தால் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது.

தம்பி மறுபடி வேலைக்குப் போகிறான். பாய் பரணுக்குப் போய்விட்டது. இப்போது கட்டில்தான், அதுவும் கொசுவலையை நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டு. பரோட்டாவை மட்டும் விடவில்லையாம். "அதுதான் நிரபராதின்னு ஆயிருச்சேம்மா" என்கிறானாம்.