ஊர் ரெண்டுபட்டா கங்கைகொண்டானுக்குக் கொண்டாட்டமா?



"அமெரிக்காவும் சீனாவும் அடிச்சுக்கிட்டா நமக்கு லாபம்தானே?" டீக்கடையிலும் டிவி விவாதத்திலும் ஏழெட்டு வருஷமா ஓடுற பேச்சு இது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்ம நெல்லைச் சீமையை வைத்தே பார்த்துவிடலாம்.

திருநெல்வேலியிலிருந்து மதுரை ரோட்டில் போனால் கங்கைகொண்டான் சிப்காட். அங்கே டாடா குழுமத்தின் டிபி சோலார் ஆலையை 2025 பிப்ரவரி 6 அன்று முதலமைச்சர் திறந்து வைத்தார். 4.3 ஜிகாவாட் திறன். வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம்ம வீட்டுப் பிள்ளைகள்.

இப்படி ஆலைகள் வர உலகச் சூழலும் ஒரு காரணம். சீன சோலார் பேனல்களுக்கு 2012-லேயே அமெரிக்கா வரி போட்டது. 2018-ல் இன்னொரு வரி. 2022-ல் சின்ஜியாங் மாகாணப் பொருள்களுக்குத் தடை. அதே 2022 ஏப்ரலில் இந்தியாவும் வெளிநாட்டுப் பேனலுக்கு 40%, செல்லுக்கு 25% சுங்கவரி போட்டது. சீனாவுக்கு மாற்று தேடிய காற்று நம்ம பக்கமும் வீசியது. நல்லதுதான், வரவேற்கிறோம்.

ஆனா ஒரு பேனல் உருவாக ஐந்து படி உண்டு. சிலிக்கானைச் சுத்தம் பண்ணணும், பாளமாக வார்க்கணும், மெல்லிய வில்லையாக அறுக்கணும், அதைச் செல் ஆக்கணும், செல்களைச் சேர்த்துப் பேனல் ஆக்கணும். கங்கைகொண்டானில் நடப்பது கடைசி ரெண்டு படி. உலக அளவில் எல்லாப் படியிலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022-ல் சொன்னது. வில்லையில் அதைவிட அதிகம். இந்திய ஆலைகளுக்கு வரும் வில்லையும் பெரும்பாலும் சீனச் சரக்குதான். யாருக்கு மாற்று என்று சொல்லிக்கொள்கிறோமோ, அவர்கள் கையில்தான் கச்சாப்பொருள்!

சரி, சண்டைக்காரர்கள் என்ன செய்தார்கள்?

2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனாமேல் 145% வரை வரியை ஏற்றியது. சீனா 125% என்று திருப்பி அடித்தது. அரிய மண் தாதுக்களுக்கும் கட்டுப்பாடு போட்டது. கோபம் அமெரிக்காமேல்; காந்தம் கிடைக்காமல் தவித்ததில் நம்ம வண்டிக் கம்பெனிகளும் உண்டு. மே மாதமே ஜெனீவாவில் ரெண்டு பேரும் வரியைக் குறைத்துக்கொண்டார்கள். அக்டோபர் 30 அன்று பூசானில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் கை குலுக்கினார்கள். சீனா சோயா வாங்கச் சம்மதித்தது, அமெரிக்கா வரியை இன்னும் 10 புள்ளி குறைத்தது.

அன்றைக்கு இந்தியாவுக்கு என்ன நிலைமை? தூத்துக்குடி இறாலுக்கும் திருப்பூர் பனியனுக்கும் 50% கூடுதல் வரி! அது மட்டுமா? இந்திய சோலார் பேனல்கள் மேலும் வரி போடச் சொல்லி அந்த நாட்டுக் கம்பெனிகள் ஜூலையிலேயே மனு கொடுத்துவிட்டன.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ஊர் ஒன்னு சேர்ந்த மறுநாள் கூத்தாடிக்குச் சோறு போடுவது யாரு?

நிலம் நம்மது. சிப்காட்டுக்குப் போற தாமிரபரணித் தண்ணி நம்மது. உழைப்பு நம்மது. அதனால் ஒன்றிய அரசிடம் கேட்கிறோம்:

▪ சிலிக்கானும் வில்லையும் இங்கேயே தயாராக வேண்டும். அதற்கான ஊக்கத்தொகையில் தென்மாவட்டத்துக்குப் பங்கு வேண்டும்.

▪ நெல்லை அரசு பொறியியல் கல்லூரியில் சோலார் பொருள்களுக்கு ஆய்வுக்கூடம் வேண்டும்.

▪ வெளிநாட்டு வரியால் ஆர்டர் குறைந்தால் முதல் அடி தொழிலாளிமேல் விழக்கூடாது. வேலைக்கும் சம்பளத்துக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும்.

1906-ல் இதே மண்ணில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளைக்காரனுக்கும் இன்னொருத்தனுக்கும் சண்டை வரட்டும், நடுவில் நாம பிழைச்சுக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. சொந்தக் கப்பல் வேணும் என்றார், வாங்கியும் காட்டினார்.

நமக்கும் அதுதான் வழி. படித்துவிட்டு நாலு பேருக்குப் பகிருங்கள், தோழர்களே!

#கங்கைகொண்டான் #நெல்லை