ஏழு பின்களில் ஒன்று

அமெரிக்காவில் கோடை பிறந்தால் போதும், பிக்கப் டிரக்கின் பின்னால் குட்டி வீடு போன்ற ஒரு டிரெய்லரை மாட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். டிரக்கையும் டிரெய்லரையும் சேர்த்து வைப்பது ஓர் இரும்புக் குண்டு, இரண்டு சங்கிலிகள், ஒரு கறுப்பு பிளக். குண்டையும் சங்கிலியையும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார்கள். பிளக்கைச் சொருகியதும் இண்டிகேட்டர் எரிகிறதா, பிரேக் லைட் எரிகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். எரிந்தால் கிளம்ப வேண்டியதுதான்.

அந்த பிளக்கில் ஏழு இணைப்புகள் உண்டு. பின்விளக்கு, இடது சிக்னல், வலது சிக்னல், ரிவர்ஸ் லைட், எலெக்ட்ரிக் பிரேக், எர்த் என்று ஆறு. ஏழாவதில், டிரக்கின் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கரன்ட் எப்போதும் வந்துகொண்டிருக்க வேண்டும். மற்ற ஆறும் நன்றாக இருந்து, இந்த ஒன்று மட்டும் செத்துக் கிடந்தால் வெளியே எதுவும் தெரியாது.

போய்ச் சேர்ந்த இடத்தில் ஃபிரிட்ஜுக்குள் பால் கெட்டுப் போயிருந்தால் அது சின்ன நஷ்டம். பெரிய விஷயம் வேறு.

ஓடும்போது டிரெய்லர் கழன்றுகொண்டால் அதைத் தானாக நிறுத்த ஓர் ஏற்பாடு உண்டு. டிரெய்லரின் முன்பக்கம் ஒரு சுவிட்ச். அதில் ஒரு பின். அந்தப் பின்னிலிருந்து டிரக்குக்கு ஒரு மெல்லிய கம்பி. டிரெய்லர் பிரிந்தால் கம்பி பின்னை உருவிவிடும், உடனே டிரெய்லரின் பிரேக்குகள் பிடிக்கும். அப்போது பிளக்கும் பிடுங்கிக்கொண்டிருக்கும் என்பதால், பிடிப்பதற்கான கரன்ட் டிரெய்லரில் இருக்கும் பேட்டரியிலிருந்துதான் வந்தாக வேண்டும். பல டிரெய்லர்களில் ஓடும்போது அந்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது இந்த ஏழாவது இணைப்புதான்.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ஒரு சக்கரத்தின் பிரேக் காந்தம் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12 ஆம்பியர். வணிக டிரெய்லர்களுக்கான அமெரிக்க மத்திய அரசின் விதி, கழன்ற பிறகு பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்து நிற்க வேண்டும் என்கிறது. அதற்கே 3 ஆம்பியர்-அவர் போய்விடும். இதற்கென்று தனியாக வைக்கும் பேட்டரி பெரும்பாலும் 5 ஆம்பியர்-அவர் அளவுதான். பழசாகி, பாதிச் சார்ஜில் கிடந்தால்? சரிவான சாலையில் அந்த டிரெய்லருக்குப் பின்னால் வருபவர்களை நினைத்துப் பார்த்தால் போதும்.

புது டிரக் என்றால் இந்த இணைப்பு கட்டாயம் வேலை செய்யும் என்று நம்புவது சகஜம். ஷெவர்லே சில்வராடோ போன்ற வண்டிகளின் சில பழைய மாடல்களில், பின்னால் சாக்கெட் வரை ஒயர் போயிருக்கும். ஆனால் பானெட்டுக்கு அடியில் அதன் மறுமுனை எதிலும் சேராமல் டேப் சுற்றிக் கிடக்கும். ஃபியூஸ் பெட்டியில் அதற்கென இருக்கும் போல்ட்டில் மாட்டி, ஃபியூஸ் போடுவது வாங்கியவர் வேலை. கையேட்டைப் பிரிக்காதவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. எனவே புது ஒயர் இழுப்பதற்கு முன்னால் கையேட்டில் டிரெய்லர் பகுதியை ஒருமுறை படிப்பது நல்லது. பல நேரம் ஒரு நட்டும் ஒரு ஃபியூஸும்தான் பாக்கி இருக்கும்.

ஒயரே இல்லை என்றால் புதிதாக இழுக்கத்தான் வேண்டும். இங்கேதான் சிக்கனம் காலை வாருகிறது. பானெட்டிலிருந்து பின் பம்பர் வரை சுமார் 6 மீட்டர். 10 கேஜ் ஒயரில் (குறுக்களவு ஏறக்குறைய 5 சதுர மில்லிமீட்டர்) 10 ஆம்பியர் போனால் வழியில் 0.2 வோல்ட் குறையும். அதைவிட மெல்லிய 14 கேஜ் என்றால் அரை வோல்ட். டிரெய்லருக்குள் ஓடும் ஒயரும், திரும்பி வரும் எர்த்தும் தங்கள் பங்குக்கு இன்னும் கொஞ்சம் விழுங்கும். ஆல்டர்னேட்டர் தருவதே 14 வோல்ட் சுமார். அதில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்தால், நாள் முழுக்க ஓட்டினாலும் டிரெய்லர் பேட்டரி நிரம்பாது. எர்த் ஒயரும் அதே கனத்தில் இருக்க வேண்டும். இரும்புக் குண்டு தொட்டுக்கொண்டிருக்கிறதே, அதுவே எர்த் ஆகிவிடும் என்று விடுவது மகா தப்பு. கிரீஸும் துருவும் உள்ள இடத்தில் கரன்ட் ஒழுங்காகப் போகாது.

ஃபியூஸை பேட்டரியை ஒட்டியே வைக்க வேண்டும். பம்பர் அருகே வைத்தால், நடுவில் ஒயர் உரசி சேஸிஸைத் தொடும் அன்றைக்கு அந்த ஃபியூஸால் பயனில்லை. ஒயர் பற்றி எரியும்.

எப்போதும் கரன்ட் என்பதில் ஒரு வம்பும் இருக்கிறது. இரவு பிளக்கைக் கழற்றாமல் டிரெய்லர் ஃபிரிட்ஜை ஓடவிட்டால், காலையில் டிரக் ஸ்டார்ட் ஆகாது. அதனால் சாவி போட்டால் மட்டும் இணைக்கும் ரிலே ஒன்றைச் சேர்ப்பவர்கள் உண்டு. ஸ்டார்ட்டர் சொலினாய்டு விலை குறைவு என்று அதை இந்த வேலைக்கு மாட்டக் கூடாது. அது சில விநாடி வேலைக்காகச் செய்தது; மணிக்கணக்கில் ஓடினால் கருகிவிடும். தொடர்ந்து வேலை செய்யவென்றே வரும் ரிலே வேண்டும்.

சோதிக்கும்போது மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். பாசி பிடித்த பின்னிலும் மீட்டர் 12.6 காட்டும். ஹெட்லைட் பல்ப் ஒன்றை அந்தப் பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: பல்ப் மங்கினால் வழியில் எங்கோ அடைப்பு. குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவும் ஊர்களில் குற்றவாளி பெரும்பாலும் பம்பருக்குக் கீழே இருக்கும் அந்த சாக்கெட்தான்.

கடைசியாக, சமதரையில் பிளக்கைக் கழற்றிவிட்டு, டிரெய்லரின் சுவிட்சிலிருந்து பின்னை உருவி, டிரக்கை மெல்ல முன்னால் நகர்த்திப் பார்க்க வேண்டும். டிரெய்லர் சக்கரங்கள் உருளாமல் அடம்பிடித்தால் பேட்டரி தயார். பார்த்தவுடன் பின்னைத் திரும்பச் சொருகிவிட வேண்டும். மறந்து சாப்பிடப் போய்விட்டால், திரும்பி வருவதற்குள் அந்த பேட்டரி காலியாகியிருக்கும்.