தலைக்குச் சரி, கைக்குக் கூடாது

ராஜஸ்தானின் சோஜத், மருதாணிக்குப் பேர்போன ஊர். அங்கே அரைத்த பொடி அமெரிக்கா போய்ச் சேர்ந்தால் தலைக்குப் பூசலாம். கைக்கு என்று சொல்லி விற்க முடியாது. பெரும்பாலான நிறமிகளுக்கு, எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று சொல்லி முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். மருதாணிக்குக் கிடைத்திருப்பது முடிச்சாயத்துக்கான அனுமதி மட்டும். கையில் போடுவதற்கு என்று லேபிளில் இருந்தால் சரக்கு துறைமுகத்திலேயே முடங்கலாம். ஈயம் கலந்த சுர்மா என்ற கண்மைக்கோ நுழைவே கிடையாது.

தூய இலைப்பொடிக்கு இந்தக் கெடுபிடி அதிகம்தான். ஆனால், கோனின் நுனியை வெட்டிப் பிதுக்கினால் வருவது வெறும் இலையா? மருதாணி செம்பழுப்பாகத்தான் பிடிக்கும். கன்னங்கறுப்பாகப் பிடிக்க வேண்டும் என்று சிலர் பி.பி.டி. என்ற சாய ரசாயனத்தைக் கலக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வரைந்த பூவும் கொடியும் அப்படியே கொப்புளமாக எழும்பும். அதன்பிறகு தலைச்சாயமே தொட முடியாமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றியம் பி.பி.டி.யை முடிச்சாயத்தில் 2 சதவீதம் வரை விடுகிறது, தோலில் அறவே கூடாது என்கிறது.

அங்கே 2013 ஜூலை முதல் முழுமையாக நடப்பில் உள்ள விதிமுறைப்படி, ஒவ்வொரு பொருளுக்கும் தகுதிபெற்ற நிபுணரின் பாதுகாப்பு அறிக்கை வேண்டும். ஒன்றியத்துக்குள்ளேயே ஒரு பொறுப்பாளர் வேண்டும். கடைசி பேட்ச் விற்பனைக்கு வந்து 10 ஆண்டுகள் வரை கோப்பைக் காக்க வேண்டும். அமெரிக்காவும் 2022 டிசம்பரில் சட்டத்தை இறுக்கியது. ஆலையைப் பதிவு செய்வதில் சிறு நிறுவனங்களுக்குச் சலுகை உண்டு. ஆனால் கண்ணில் படுபவற்றுக்கும், பூசியவரால் கழுவிப் போக்க முடியாமல் 24 மணி நேரத்துக்கு மேல் தோற்றத்தை மாற்றுபவற்றுக்கும் அந்தச் சலுகை இல்லை. நம்மூர்ச் சிறு உற்பத்தியாளர்களின் கைச்சரக்கே கண்மையும் சாயமும்தானே!

பெரிய நிறுவனங்கள் ஆலோசகரை வைத்துச் சமாளித்துவிடும். நான்கு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு ஒரு பாதுகாப்பு அறிக்கையின் செலவே மலைப்பு. விதிகளைத் தளர்த்தச் சொல்லி வெளிநாட்டிடம் கெஞ்சுவதில் பயனில்லை. தொழில் மையங்களில் பொது ஆய்வகமும் நச்சியல் நிபுணரும் அரசுச் செலவில் இருந்தால் பாதிப் பாரம் இறங்கும்.

உள்ளூர்ச் சந்தைக்கும் அதே ஆய்வகம் வேண்டும். இந்தியாவில் 2020-இல் வந்த அழகுசாதன விதிகளும் சேர்மானப் பட்டியலைக் கேட்கின்றன. ஆனாலும் பண்டிகை நாள்களில் தெருவோரம் விற்கும் பல கோன்களில் அதைத் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது.