ஆசிரியர்க்கும் ஒரு கைமடிக் காலம்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றிற்குப் புதிய ஓவர்லாக் இயந்திரம் வந்திறங்கினால், அதனோடு வந்த விளக்கப் புத்தகத்தைத் தையல்காரர் கையில் கொடுத்துவிட்டு முதலாளி வீட்டிற்குப் போய்விடுவதில்லை. மெக்கானிக் அருகில் நின்று, நூல் கோர்த்துக் காட்டி, தையல் சீராக விழுவதைப் பார்த்த பின்னரே விடைபெறுகிறார். தொழிலுக்குப் புதியவரோ, கைமடியாகத் தையல்காரரின் பக்கத்தில் நின்று, துணியை எடுத்துக் கொடுத்தும் மடித்துப் போட்டும் நாளடைவில் தாமும் தையல்காரராகிறார். இங்கே தொழில் கண்ணாலும் கையாலுமே கற்கப்படுகிறது.

நம் பிள்ளைகள் பயிலும் கல்லூரிகளிலும் இன்று புதிய கருவிகள் வந்திறங்கியுள்ளன. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் கூடி 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம், பேராசிரியர்களின் வகுப்புகளைக் காணொளியாக எவரும் இலவசமாகக் காணும்படி செய்தது. 2017இல் மத்திய அரசின் 'ஸ்வயம்' இணையதளம் வந்தது. அதில் ஒரு பாடமென்றால் காணொளி, படிப்பதற்கான குறிப்பு, ஐயம் கேட்கும் இடம், தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வினாக்கள் என நான்கு பகுதிகள் இருக்கும். பருவம் ஒன்றில் 40 விழுக்காடு வரை பாடங்களை இவ்வழியே பயிலக் கல்லூரிகள் இடமளிக்கலாமென்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி செய்தது. கருவிக்குக் குறைவில்லை. அதைக் கையாளும் ஆசிரியருக்கு மெக்கானிக் யார் என்பதே நம் வினா.

பயிற்சியே இல்லையென்று சொல்லிவிட முடியாது. 1986ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையை அடுத்து, கல்லூரி ஆசிரியர்களின் பயிற்சிக்கென்றே பல்கலைக்கழகங்களில் தனிக் கல்லூரிகள் எழுந்தன. அவை 2015இல் மனிதவள மேம்பாட்டு மையங்களாயின. 2023 முதல் மாளவியா பெயரைத் தாங்கி நிற்கின்றன. (பெயர்ப் பலகை எழுதுவோர்க்கு நல்ல காலம்!) திருப்பூர்க் கல்லூரிகள் பல இணைந்துள்ள கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் அத்தகைய மையம் உண்டு. 2018இல் 'அர்ப்பித்' என்னும் திட்டத்தின்கீழ், ஆசிரியர்களே ஸ்வயம் வழியாகப் பயிலும் 40 மணி நேரப் பாடங்கள் அமைக்கப்பட்டன. அவற்றில் 20 மணி நேரம் காணொளி. பாடம் நடத்தியே பழகியவர் திரைக்கு முன் மாணவராக அமர்ந்து, கவனம் எங்கே சிதறுகிறதென்று தம்மிடத்திலேயே காண்பது நல்லதொரு பாடம்தான்.

ஆனால் சான்றிதழ் வேட்கை இடையில் புகுந்துவிடுகிறது. பதவி உயர்வுக்குப் பயிற்சிச் சான்று வேண்டும். முழுமையான இணையப் பாடமொன்றை உருவாக்கினால் அதற்கும் தனி மதிப்பெண் உண்டென்று 2018ஆம் ஆண்டு விதி கூறுகிறது. சான்று கோப்பில் ஏறிவிடுகிறது. வகுப்பறையோ பழையபடியே நடக்கிறது. 'விரிவுரையைக் குறையுங்கள்' என்று ஒருவர் இரண்டு மணி நேரம் விரிவுரையாற்றும் பயிற்சியை என்னவென்பது?

பயிற்சி என்று நாம் கருதுவது வேறு. ஆடை வடிவமைப்பு பயிலும் மாணவியருக்குத் துணியின் ஜி.எஸ்.எம். காணும் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். வட்டக் கத்தியால் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி, தராசில் வைத்து, கிராமை நூறால் பெருக்க வேண்டும். 1.8 கிராம் வந்தால் 180 ஜி.எஸ்.எம். ஆசிரியர் இதைத் தம் கைப்பேசியிலேயே தமிழில் எட்டு நிமிடப் படமாக எடுத்துவிடலாம். வகுப்பு முடிந்ததும் செக்கிங் வேலைக்குப் போகும் மாணவி இரவில் அதை இரண்டு முறை பார்த்துக்கொள்வாள். மறுநாள் வகுப்பில், துவைத்த பின் துணி சுருங்குவதால் ஜி.எஸ்.எம். ஏன் கூடுகிறது, அதனால் ஆர்டருக்கு என்ன கேடு வரும் என்று கேள்வி கேட்க நேரம் கிடைக்கும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. முன்பே செய்து பழகிய சக ஆசிரியர் ஒருவர் ஒரு பருவம் முழுவதும் பக்கத்திலிருக்க வேண்டும்; பாட வேளையில் ஒன்றிரண்டைக் குறைத்துக் கொடுக்கக் கல்லூரிக்கு மனம் வேண்டும்.

தில்லி ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் வழங்கிய நெசவுப் பாடங்கள் என்.பி.டி.இ.எல்.லில் இருக்கின்றன, மிகச் சிறந்தவை. எனினும் அவை ஆங்கிலத்தில் நடத்தப்பட்டவை. தாயும் தந்தையும் ஒன்றரை ஷிப்டு உழைக்க, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்கு அந்த ஆங்கிலம் ஒரு மதில். எந்தப் பத்து நிமிடத்தைக் காட்டுவது, எதைத் தமிழில் விளக்குவது என்று தேர்ந்தெடுக்கும் திறமை ஆசிரியரிடமே இருத்தல் வேண்டும். அது பொத்தானை அழுத்தக் கற்பதனால் வருவதன்று.

நிற்க, திருச்சபை இதில் பின்தங்கியதென்று எவரும் எண்ணவேண்டாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணை, குருக்களும் துறவியரும் பொதுநிலையினரும் அச்சாதனங்களைக் கையாளப் பயிற்சி பெறவேண்டுமென்று அன்றே வற்புறுத்தியது. செயற்கை நுண்ணறிவு குறித்து 2025 ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட ஏடோ, ஆசிரியர் நேரில் இருப்பதால் விளையும் உறவை எந்த இயந்திரமும் ஈடுசெய்யாது என்கிறது. இவ்விரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்பது நம் கருத்து. கருவியைக் கற்காத ஆசிரியர் பிள்ளைக்கு வரவேண்டியதைத் தடுக்கிறார். கருவியிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டு நகர்ந்துவிடுபவர் தம்மையே கொடுக்க மறுக்கிறார்.

கல்லூரிப் பிள்ளைகளை உடைய பெற்றோர்க்கு ஒரு செய்தி. ஸ்வயம் பாடங்கள் பெரும்பாலும் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை தொடங்குகின்றன. பயில்வதற்குக் கட்டணமில்லை, சான்றிதழுக்குரிய தேர்வுக்கு மட்டும் உண்டு. எந்தப் பாடத்தைத் தம் பட்டப்படிப்பில் கணக்கிட்டுக்கொள்வார்கள் என்று பதிவு செய்யும் முன்பே துறைத்தலைவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.