பயத்தில் லாபம் யாருக்கு?



பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1979இல் கொண்டுவந்தபோது தற்காலிகம் என்றார்கள். 1982இல் நிரந்தரமாக்கினார்கள். 2009இல் போர் முடிந்தது, சட்டம் முடியவில்லை. 18 மாதத் தடுப்புக்காவலை 2022இல் 12 மாதமாகக் குறைத்துவிட்டு, அதைச் சீர்திருத்தம் என்கிறார்கள். வழக்கே இல்லாமல் ஒருவரை ஒரு வருடம் அடைத்து வைப்பதா சீர்திருத்தம்?

"போர் வடக்கு கிழக்கில்தானே, நமக்கென்ன?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அந்த நாட்களில் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டை இல்லையென்றால் பொலிஸ் நிலையம்தான். அட்டை ஏன் இல்லை? 1948இல் நம் பிரஜாவுரிமையைப் பறித்தது யார்? அட்டை கொடுக்காத அரசே, அட்டை இல்லையென்று நம்மைப் பிடித்தது.

2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ முகாமில், அரசின் பொறுப்பில் இருந்த 25க்கும் அதிகமான தமிழ் இளைஞர்களைக் கும்பல் கொன்றது. பொலிஸார் அங்கேயே இருந்தார்கள். கடைசியில் ஒருவருக்கும் தண்டனை இல்லை. போர் நம் மலைக்கு வரவில்லை என்று யார் சொல்வது?

சிறையைவிடக் கொடியது லயத்துக்குள் நுழைந்த சந்தேகம். ஒரு பிள்ளையைப் பிடித்துப்போனால், "என்ன செய்தானோ" என்று பக்கத்துக் காம்பிராவே ஒதுங்கியது. உரிமை கேட்டவனுக்கும் புலி முத்திரை விழுந்தது. பயந்தவர்கள் சங்கக் கூட்டத்துக்கு வரமாட்டார்கள், சம்பளமும் கேட்கமாட்டார்கள். அந்தப் பயத்தில் லாபம் யாருக்கு?

இது தமிழருக்கு மட்டுமான சட்டமும் அல்ல. 2022 மக்கள் போராட்டத்துக்குப் பின் சிங்கள மாணவத் தலைவர்களை அடைத்ததும் இதே சட்டத்தில்தான். போராடுகிற எவர் மீதும் இது பாயும்.

ஆகவே, நம் தோட்டத்தில் யாரைப் பிடித்தாலும் "என்ன செய்தான்?" என்று முதலில் கேட்காதீர்கள். எந்தச் சட்டத்தில், எந்த நிலையத்துக்குக் கொண்டு போகிறீர்கள் என்று கேளுங்கள். கைது செய்தோம் என்று எழுத்தில் வாங்குங்கள். இந்தச் சட்டத்தில் கைது செய்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தார்களா என்று விசாரியுங்கள். அன்றைக்கே தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். அந்தத் தாயைத் தனியாகப் பொலிஸுக்கு அனுப்பாதீர்கள்; பத்துப் பேராகப் போவோம்.

திருத்தம் வேண்டாம், வேறு பெயரில் புதுச் சட்டமும் வேண்டாம்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை முற்றாக நீக்கு!