கூடுதலாக ஒரு கரண்டி

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு முதன்முதலாக ஓட்டலுக்குப் போன அன்று, அதை ஒரு துணிப்பைக்குள் ஒளித்துத்தான் கொண்டுபோனேன். ஐந்து நிமிட நடை. வழியில் எதிர் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். பையைக் காட்டி, "என்ன சார், கோயிலுக்கா?" என்றார். "ஆமாம்" என்றேன். நாலு இட்லிக்கும் கொஞ்சம் சாம்பாருக்குமாக விடிகாலையில் ஒரு பொய்.

பார்சல் மேசையில் நின்ற தம்பி வாளியைத் திறந்து பார்த்தார், என்னையும் பார்த்தார். "இதுல ஊத்துனா அளவு தெரியாதே சார், கவர்லயே வாங்கிக்கோங்க." கவர்தான் அங்கே படி, ஆழாக்கு எல்லாம். "ரெண்டு கரண்டி ஊத்துங்க தம்பி, அதுபோதும்" என்றேன். எனக்குப் பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். எனக்குக் காது சுட்டது.

இந்த வேலையில் நான் இறங்கியதற்குக் காரணம் முந்தின ஞாயிறு. வீட்டில் மூன்று பேர் சாப்பிட்டு எழுந்தபோது மேசையில் 9 பிளாஸ்டிக் கவர்கள் கிடந்தன. சாம்பாருக்கு, மூன்று சட்னிக்கு, இட்லியைச் சுற்ற, எல்லாவற்றையும் போட்டுத் தூக்கிவர. பத்து நிமிடச் சாப்பாடு. அந்தக் கவர்கள் எங்கே போகும் என்று சென்னைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை: பெருங்குடி அல்லது கொடுங்கையூர் குப்பைமேடு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கும் பெருங்குடியில், பல வருஷத்துக் குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்க வேண்டியதாயிற்று. அதன் மேல் நான் 9 கவர் போடுகிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கில் 14 வகைப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. உணவைப் பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக் தாள் அதில் உண்டு. காகிதம் என்று நாம் நம்பி டீ குடிக்கிற, உள்ளே பிளாஸ்டிக் பூசிய கப்பும் உண்டு. சட்டத்துக்கும் சாம்பாருக்கும் நடுவில் எது நிற்கிறது என்று யோசித்தால், மறதி என்றுதான் முதலில் தோன்றும். மறதி என்பது சும்மா. ரேஷன் கடைக்குப் பை இல்லாமல் போகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே கவர் தரமாட்டார்கள். தராத இடத்தில் நமக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

தருகிற இடத்தில் பாத்திரத்தோடு போய் நிற்பதுதான் கஷ்டம். அதற்குப் பேர் கூச்சம். எண்ணெய்க்குத் தூக்கு, பாலுக்குச் செம்பு என்று போன தலைமுறையின் பிள்ளைகள்தான் நாம். கையை வீசிக்கொண்டு கடைக்குப் போவது வசதியின் அடையாளமாயிற்று. பாத்திரம் ஏந்திப் போவது இல்லாமையின் அடையாளமாயிற்று. சினிமாவில் ஒருவனைப் பட்டிக்காட்டான் என்று காட்ட வேண்டுமானால் கையில் ஒரு மஞ்சப்பை கொடுத்தால் போதும் என்றிருந்தது.

அந்த மஞ்சப்பையை 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று கையில் எடுத்தது. மறு வருஷம் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் பை தரும் எந்திரமும் வந்தது. நல்லதுதான். ஆனால் என் வீட்டு அலமாரியைத் திறந்து எண்ணினேன். கல்யாண வீடுகளில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பைகள் மட்டும் 31. மணமக்கள் பெயர் அச்சடித்தபடி, மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. சில தம்பதிகளுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். பை இன்னும் கடைக்குப் போகவில்லை.

கடைக்குக் கொண்டுபோகும் பைகளைப் பற்றி டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பருத்தி விளைவிப்பதிலும் நெய்வதிலும் நிறைய வளம் செலவாகிறது. புவி வெப்பமாவதை மட்டும் கணக்கில் எடுத்தாலே, ஒரு பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் அது கடையில் தரும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். மற்றச் சூழல் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை. தெருவிலும் கடலிலும் போய்ச் சேரும் குப்பையின் கேட்டை அந்த ஆய்வு கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே பிளாஸ்டிக்குக்கு நற்சான்று கிடைத்துவிட்டதாக யாரும் துள்ள வேண்டாம். ஆனாலும் 52 என்ற எண் எனக்குப் பிடித்திருக்கிறது. வாரம் ஒருமுறை காய்கறி வாங்கப் போனால் ஒரு வருஷம். 7,100 என்றால் 136 வருஷம். அதற்குப் பேரன் பேத்தி கைகொடுக்க வேண்டும். அலமாரியில் மடித்து வைத்த மஞ்சப்பையால் யாருக்கும் புண்ணியம் இல்லை. அது வெளுத்து, காது தைத்து, மறுபடி வெளுக்க வேண்டும்.

இதே காரணத்தால்தான் 'இயற்கை வாழ்வு' என்று இணையத்தில் விற்கும் மூங்கில் பிரஷ், எவர்சில்வர் உறிஞ்சுகுழல் எல்லாம் எனக்குச் சிரிப்பாக வருகிறது. நானும் ஒரு சாப்பாட்டு அடுக்கு வாங்கியவன்தான். குமிழி குமிழியான பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றி வந்தது. அதைவிட நல்ல பாத்திரம் பரணில் கிடந்தது, அம்மாவின் தூக்குவாளி.

அதன் கழுத்தடியில் அம்மாவின் பெயரும் 1979 என்ற வருஷமும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பாத்திரக் கடையில் பேர் வெட்டித் தருவார்கள். பாத்திரம் வீட்டைவிட்டு வெளியே போகும், கை மாறும், விசேஷ வீட்டில் நூறு பாத்திரங்களுக்கு நடுவே கிடக்கும், ஆனாலும் திரும்பி வர வேண்டும் என்பதற்காகத்தான் பேர். கவருக்கு யாரும் பேர் வெட்டுவதில்லை. அது திரும்பி வர வேண்டும் என்று யாரும் நினைத்ததும் இல்லை.

இரண்டு மாதம் ஆகிறது. இப்போது பார்சல் தம்பி என்னைக் கண்டதும் கையை நீட்டி வாளியை வாங்கிக்கொள்கிறார். அளவுப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டது. "வாளி பெருசா இருக்குல்ல சார்" என்று கூட ஒரு கரண்டி விடுகிறார். சட்னிக்கு மட்டும் இன்னும் கவர்தான். மூன்று கிண்ணம் தூக்கிப்போகும் துணிச்சல் வரவில்லை. 9 கவர் 3 ஆனது, அவ்வளவுதான்.

போன ஞாயிறு வாளியைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே தூக்கிப்போனேன். எதிர் வீட்டுக்காரர் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"என்ன சார், கோயிலுக்கா?"

"இல்ல சார், சாம்பாருக்கு."

வாளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு பரண்ல கிடக்கு" என்றார். இறக்கினாரா என்று இன்னும் கேட்கவில்லை.